விரல்களின் கையிருப்பு
ஜாஸ் பியானோ மேதைகளும் மனோதர்மக் கலையும்

எழுதி வைத்த இசையைச் செம்மையாக வாசிப்பது ஒரு கலை. எழுதி வைக்காத இசையைக் கேட்போர் முன்னிலையில் அந்தக் கணத்திலேயே உருவாக்கி வாசிப்பது வேறொரு கலை. கர்நாடக இசையில் இதனை மனோதர்மம் என்கிறோம். ஆலாபனை, தானம், நிரவல், கற்பனாசுரம் யாவும் அதன் வடிவங்கள். உலகின் மறுபுறத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே ஒரு நூற்றாண்டுக்கும் முன்னர் பிறந்த ஜாஸ் இசையும் மனோதர்மத்தையே உயிர்நாடியாகக் கொண்டது.

ஜாஸ் பியானோ மேதை ஒருவரின் வாசிப்பைக் கேட்கும் எவர்க்கும் ஒரு வியப்பு எழும். இத்தனை விரைவாக, இத்தனை தெளிவாக, முன்னேற்பாடு ஏதுமின்றி இவர் எவ்வாறு வாசிக்கிறார்? அம்மேதைகளின் வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், 'முன்னேற்பாடு ஏதுமின்றி' என்னும் சொற்களையே திரும்பப் பெற வேண்டியிருக்கும். வங்கி வழக்கில் கையிருப்பு என்றொரு சொல் உண்டு. நாள் முடிவில் வரவும் செலவும் போகக் கையில் நிற்பது அது. எதிர்பாராத தேவை எழும்போது, அதுவரை சிறுகச் சிறுகச் சேர்ந்த இருப்பே நம்மைத் தாங்குகிறது. மேடையில் மனோதர்மமாகப் பொங்கும் இசையும் அத்தகையதே. விரல்களில் அந்த இருப்பு எவ்வாறு சேர்கிறது, எத்தகைய நெருக்கடியில் செலவாகிறது, கையே தளர்ந்துவிட்டால் என்ன எஞ்சுகிறது என்பவற்றைச் சில மேதைகளின் வாழ்வின் வழியே காண்போம்.

எண்பத்தெட்டுக் கட்டைகள்

பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. வெள்ளை 52, கறுப்பு 36. ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது. தட்டிய கணம் முதல் ஒலி தேயத் தொடங்குகிறது. வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் கொடுக்கலாம்; வயலினில் விரலை நகர்த்தி ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். பியானோவில் அதற்கு வழியில்லை. இக்குறைக்கு ஈடாக அக்கருவி மற்றொரு வரத்தைத் தருகிறது. பத்து விரல்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பணிகளைச் செய்யலாம். இடக்கை தாளத்தையும் அடித்தளச் சுரங்களையும் ஏற்க, வலக்கை மெட்டை ஏற்கும். ஒருவரே ஒரு குழுவாகிவிடலாம்.

ஜாஸ் கலைஞர் பெரும்பாலும் கேட்போர் அறிந்த பாடல் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். அது வழக்கமாக 32 தாளக்கட்டுகள் கொண்டதாக இருக்கும். 'புளூஸ்' என்னும் வகையாயின் 12. ஒவ்வொரு தாளக்கட்டுக்கும் உரிய சுரக்கூட்டு, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்று நான்கு சுரங்களின் தொகுப்பு, முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். முதல் சுற்றில் பாடலின் மெட்டை வாசித்துக் காட்டுவார். அடுத்த சுற்றிலிருந்து மெட்டு விலகிவிடும். சுரக்கூட்டுகளின் வரிசை மட்டும் தாள ஆவர்த்தனம்போல் மீண்டும் மீண்டும் சுழன்று வரும். அதன் மேல் ஒவ்வொரு சுற்றிலும் புதிய மெட்டொன்றைக் கட்டுவதே கலைஞரின் பணி.

நம் பாடகர் ஒரே ராகத்தின் எல்லைக்குள் நின்று விரிவாகக் கற்பனை செய்கிறார். ஜாஸ் கலைஞருக்கோ எல்லையே ஓரிரு நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கும். ஒரு தாளக்கட்டில் நான்கு அடிகள். நிமிடத்துக்கு 240 அடிகள் என்னும் விரைவில் வாசித்தால் ஒரு தாளக்கட்டு ஒரே நொடியில் கடந்துவிடும். அடிக்கு இரண்டு சுரம் என்று கொண்டாலும் நொடிக்கு எட்டுச் சுரங்கள். ஒவ்வொரு சுரத்தையும் எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க மனித மனத்துக்கு அவகாசமில்லை. ஆகவே, தேர்ந்தெடுக்கும் வேலையின் பெரும்பகுதி அந்த நொடிக்கு வெகு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

வாடகை விருந்துகள்

1920களில் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்தனர். வாடகை மிகுதி, வருவாய் குறைவு. மாத வாடகை செலுத்த இயலாதோர் தம் வீட்டில் ஒரு விருந்து வைப்பர். வருவோரிடம் சிறு நுழைவுக் கட்டணம் பெறுவர். நல்ல பியானோ கலைஞர் ஒருவர் வந்தால் கூட்டம் சேரும், வாடகையும் சேரும். 'வாடகை விருந்து' என்றே அவற்றுக்குப் பெயர். அக்கலைஞர்களுக்கு அவையே பயிற்சிக் கூடமாகவும் தேர்வுக் கூடமாகவும் அமைந்தன. ஓர் இரவில் இரண்டு மூன்று கலைஞர்கள் சந்தித்துவிட்டால் போட்டி மூண்டுவிடும்.

அங்கு வளர்ந்த பாணிக்கு 'ஸ்டிரைட்' என்று பெயர். இடக்கை, பியானோவின் கீழ்ப்பகுதியில் ஓர் அடித்தளச் சுரத்தைத் தட்டிவிட்டு, அடுத்த அடியில் நடுப்பகுதிக்குத் தாவிச் சுரக்கூட்டை ஒலிக்கும். பாடல் முழுவதும் இத்தாவல் நிற்காது. இப்பாணியின் தலைமகனாகப் போற்றப்பட்ட ஜேம்ஸ் பி. ஜான்சன் 1921இல் பதிவு செய்த 'கரோலினா ஷவுட்', இளங்கலைஞர்கள் கடந்தே ஆகவேண்டிய தேர்வுப் பாடமாயிற்று. அக்காலத்தில் துளையிட்ட காகிதச் சுருள்களால் தானே இயங்கும் பியானோக்கள் இருந்தன. இளைஞராயிருந்த டியூக் எலிங்டன் அச்சுருளின் வேகத்தைக் குறைத்து, தானாகத் தாழும் கட்டைகளின் மீது தம் விரல்களை வைத்துப் பின்தொடர்ந்து அப்பாடலைக் கற்றார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளராகத் திகழ்ந்தவரின் கையிருப்பு இவ்வாறுதான் தொடங்கியது.

ஆர்ட் டேட்டம்

ஓஹையோ மாநிலத்தின் டோலிடோ நகரில் 1909ஆம் ஆண்டு பிறந்த ஆர்ட் டேட்டம், குழந்தைப் பருவத்திலேயே கண்புரையால் பார்வையைப் பெருமளவு இழந்தவர். தேவாலயப் பாடல்களும், வானொலியும், இசைத்தட்டுகளும், காகிதச் சுருள்களுமே அவருக்குப் பாடநூல்கள். கேட்டதைக் கேட்டவாறே விரல்களுக்குக் கொண்டுவரும் ஆற்றல் அவரிடம் இளமையிலேயே அமைந்திருந்தது.

பாடகி அடிலெய்ட் ஹாலின் பக்கவாத்தியக் கலைஞராக 1932இல் அவர் நியூயார்க் வந்தார். ஹார்லெமின் மூத்த கலைஞர்களான ஜேம்ஸ் பி. ஜான்சன், ஃபேட்ஸ் வாலர், வில்லி ஸ்மித் ஆகியோர் அவரைப் போட்டிக்கு அழைத்தனர். டேட்டம் வாசித்து முடித்தபின் அந்த அவையில் முதலிடம் யாருக்கு என்பதில் ஐயம் எழவில்லை. பின்னொரு நாள் தாம் வாசித்துக்கொண்டிருந்த விடுதிக்குள் டேட்டம் நுழைவதைக் கண்ட வாலர், தாம் வெறும் பியானோக் கலைஞர் என்றும், இன்றோ கடவுளே எழுந்தருளியிருக்கிறார் என்றும் பொருள்பட அவையினருக்கு அறிவித்ததாக ஜாஸ் உலகில் தலைமுறைகளாகக் கூறப்பட்டு வருகிறது. மேலைச் செவ்வியல் இசையின் பெரும் பியானோ மேதையான விளாதிமிர் ஹோரோவிட்ஸும் டேட்டமின் வாசிப்பைப் போற்றியவர்.

டேட்டமின் விரல்கள் மேலிருந்து கீழாக அருவிபோல் பாயும். ஆயினும் அவருடைய பெருமை விரைவில் மட்டும் அடங்கவில்லை. எளிய பாடல் ஒன்றின் சுரக்கூட்டுகளை மாற்றி, எதிர்பாராத தொலைவுக்குக் கொண்டுசென்று, சுற்று முடியும் இடத்தில் சிறிதும் பிசகாமல் வந்து சேர்வதே அவருடைய மனோதர்மத்தின் அழகு. ஒரே பாடலை வெவ்வேறு ஆண்டுகளில் அவர் பதிவு செய்திருக்கிறார். அவற்றை ஒப்பிட்டால், பாடலின் சட்டகம் பெரிதும் ஒன்றாகவே இருப்பதையும், அதனுள் அமைந்த நகாசு வேலைகள் மாறிக்கொண்டிருப்பதையும் காணலாம். இதைச் சுட்டி, அவர் முழுமையாகக் கற்பனை செய்யவில்லை என்று குறை கூறியோரும் உண்டு. அக்குறை பொருந்தாது என்றே தோன்றுகிறது. பல்லவியை ஆயிரம் முறை பாடிய வித்துவானுக்கும் சட்டகம் உண்டு. அது உறுதியாக இருப்பதாலேயே அவர் அச்சமின்றி அதைவிட்டு விலகிச் செல்ல முடிகிறது.

1953 டிசம்பரில் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ், டேட்டமை ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்த்தி, விரும்பியதை வாசிக்கச் சொன்னார். இரண்டே நாட்களில் அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்கள் பதிவாயின. அவற்றுள் பெரும்பாலானவை முதல் முயற்சியிலேயே நிறைவடைந்தவை. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1956இல், தம் 47ஆம் வயதில் டேட்டம் மறைந்தார். அந்த இரு நாட்களில் வெளிப்பட்டது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இரவுதோறும் சேர்ந்த இருப்பு.

ரயில் பணியாளரின் மகன்

கனடாவின் மான்ட்ரியால் நகரில் 1925இல் பிறந்தவர் ஆஸ்கர் பீட்டர்சன். தந்தை டேனியல், கனடியன் பசிபிக் ரயில்வேயில் பயணிகளுக்குப் பணிவிடை செய்யும் ஊழியர். அவர் பணிக்குச் செல்லுமுன் பிள்ளைகளுக்குப் பாடம் கொடுத்துச் செல்வார். திரும்பியதும் வாசித்துக் காட்டச் சொல்வார். ஆஸ்கர் முதலில் டிரம்பெட் பயின்றார். சிறு வயதில் காசநோய் தாக்கியதால் ஊதும் கருவியைக் கைவிட நேர்ந்தது. பியானோ மட்டும் எஞ்சியது. பிறகு பால் டி மார்க்கி என்னும் ஹங்கேரிய ஆசிரியரிடம் பயின்றார். அவர் இஸ்த்வான் தோமானின் மாணவர். தோமான், பியானோ உலகின் பெருமேதை ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் மாணவர். ரயில் ஊழியரின் மகனுக்கு இவ்வாறு ஒரு பெரும் குருபரம்பரையின் தொடர்பு கிட்டியது.

பதின்ம வயதில் ஆஸ்கருக்குத் தம் திறமையில் சற்றுச் செருக்கு ஏறியிருந்தது. அதைக் கண்ட தந்தை, டேட்டம் வாசித்த 'டைகர் ராக்' இசைத்தட்டை ஒலிக்கச் செய்தார். வாசிப்பவர்கள் இருவர் என்றே மகன் எண்ணினார். ஒருவர்தாம், அதுவும் பார்வை குன்றியவர் என்று அறிந்ததும் மனம் உடைந்து பல நாட்கள் பியானோவைத் தொடவேயில்லை. பின்னர் மீண்டும் அமர்ந்தார். நாள்தோறும் பல மணி நேரம் பயின்றார். 1949 செப்டம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில், நார்மன் கிரான்ஸ் நடத்திய நிகழ்ச்சியில், அவையோர் நடுவிலிருந்து மேடைக்கு அழைக்கப்பட்டு வாசித்தார். அந்த ஓரிரவில் அமெரிக்க ஜாஸ் உலகம் அவரை அறிந்துகொண்டது.

அக்காலத்தில் அமெரிக்காவின் பல பகுதிகளில் கறுப்பினக் கலைஞருக்கு மேடையில் கைத்தட்டல் கிடைக்கும். அதே ஊரின் உணவகத்தில் இருக்கை கிடைக்காது. நிறத்தின்படி பிரித்து அமர்த்தும் அரங்குகளில் தம் குழுவினர் வாசிக்கமாட்டார்கள் என்பதில் கிரான்ஸ் உறுதியாக நின்றார். பீட்டர்சன் 1962இல் இயற்றிப் பதிவு செய்த 'ஹிம் டு ஃப்ரீடம்' குடியுரிமைப் போராட்டத்தோடு இணைத்துப் போற்றப்படும் இசையாயிற்று. அதில் அவர் தம் விரைவைக் காட்டவில்லை. தேவாலயப் பாடலின் எளிமையில் தொடங்கி, மெல்ல மெல்ல ஒலி பெருகி, முழு நெஞ்சோடு எழுகிறது அது. பெரும் இருப்பு உடையவர் எங்கே சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார்.

குறைத்து வாசித்த மேதை

1940களின் தொடக்கத்தில் ஹார்லெமின் மின்டன்ஸ் பிளேஹவுஸ் போன்ற இடங்களில், இளங்கலைஞர்கள் இரவு நெடுநேரம் கூடி ஒரு புதிய பாணியை உருவாக்கினர். 'பீபாப்' என்று அது பெயர் பெற்றது. அப்பாணியின் பியானோவை வடிவமைத்தவர் பட் பவல். ஸ்டிரைட் பாணியின் ஓயாத இடக்கைத் தாவலை அவர் விலக்கினார். இடக்கை அங்கங்கே ஒரு சிறு குறிப்பு மட்டும் தரும். வலக்கை, சாக்ஸபோன் ஊதுபவரின் மூச்சைப்போல், நீண்ட மெட்டுகளைத் தொடுக்கும். இன்றளவும் ஜாஸ் பியானோ பயில்வோர் பின்பற்றும் வழி அது.

அதே கூட்டத்தில் தெலோனியஸ் மங்க் முற்றிலும் வேறுபட்டு நின்றார். அவர் விரல்களைத் தட்டையாக நீட்டி வாசிப்பார். ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு, அடுத்த சுரம் வரும் என்று நாம் காத்திருக்கும் இடத்தில் மௌனத்தை வைப்பார். அடுத்தடுத்த இரு கட்டைகளை ஒருசேர அழுத்தி, அவற்றுக்கு இடையே ஒளிந்திருக்கும் சுரத்தை நம் செவிக்கு உணர்த்த முயல்வார். கமகம் இல்லாத கருவியில் கமகத்தைத் தேடிய முயற்சி என்று இதைக் கொள்ளலாம். கேட்ட பலர், அவருக்கு வாசிக்கவே தெரியாது என்றனர்.

1951இல் ஒரு வழக்கில் சிக்கியதால், நியூயார்க் நகரின் மது விற்கும் விடுதிகளில் பணியாற்றுவதற்குரிய உரிம அட்டையை மங்க் இழந்தார். ஆறு ஆண்டுகள் தம் சொந்த நகரின் விடுதிகளில் வாசித்துப் பொருள் ஈட்ட அவருக்கு வழியில்லை. அந்நாட்களிலும் அவர் இயற்றுவதையும் பதிவு செய்வதையும் நிறுத்தவில்லை. தம் பாணியை மாற்றிக்கொள்ளவும் இல்லை. 1957இல் உரிமம் திரும்பக் கிடைத்ததும், ஃபைவ் ஸ்பாட் விடுதியில் ஜான் கோல்ட்ரேனுடன் அவர் வாசித்த மாதங்கள் ஜாஸ் வரலாற்றில் இடம்பெற்றன. 1964 பிப்ரவரியில் 'டைம்' இதழின் அட்டையை அவருடைய உருவம் அலங்கரித்தது. விரைவே திறமை என்று எண்ணுவோர்க்கு மங்க் ஒரு மாற்றுப் பாடம்.

இவ்விருவர்க்கும் மூத்த துணையாக விளங்கியவர் மேரி லூ வில்லியம்ஸ். ஸ்டிரைட் காலத்தில் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையின் புதுமையையும் உள்வாங்கி வளர்ந்த பெண்மணி. ஹார்லெமில் இருந்த அவருடைய இல்லத்தில் மங்க், பவல் முதலியோர் இரவுப் பணி முடிந்தபின் கூடுவர், வாசிப்பர், விவாதிப்பர். தாம் சேர்த்ததைப் பிறர்க்கு வழங்கினால் இருப்பு குறைவதில்லை என்பதற்கு அவ்வில்லம் சான்று.

சிறு பகுதியை முழுமையாக

நியூ ஜெர்சியில் 1929இல் பிறந்த பில் எவன்ஸ், மனோதர்மத்தைக் கற்கும் முறை குறித்து மிகத் தெளிவாகப் பேசியவர். 1966இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்றில், இசை ஆசிரியராகிய தம் அண்ணனுடன் அவர் உரையாடுகிறார். பயில்வோர் பலர் மேதை ஒருவரின் வாசிப்பைக் கேட்டு, அதன் முழுத் தோற்றத்தையும் அரைகுறையாகப் போலி செய்ய முனைகின்றனர். அதைவிட, மிகச் சிறிய பகுதி ஒன்றை எடுத்து, அதை ஐயமறப் புரிந்துகொண்டு, அதன் மீது அடுத்த படியை வைப்பதே உண்மையான வழி என்பது அவர் கருத்தின் சாரம். தோராயமான இருப்பு ஒருநாள் கணக்கில் வெளிப்பட்டே தீரும் என்பதைக் கணக்குப் பதிவியல் அறிந்தோர் எளிதில் ஒப்புக்கொள்வர்.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு விடுதியில் எவன்ஸ், ஸ்காட் லஃபாரோ, பால் மோஷன் ஆகிய மூவரும் பிற்பகலும் இரவும் வாசித்தவை பதிவாயின. பியானோவுக்குப் பக்கவாத்தியம் என்னும் நிலையைக் கடந்து, மூவரும் சமமாக உரையாடும் இசை அது. இடையே கண்ணாடிக் குவளைகளின் ஓசையும் பேச்சொலியும் கேட்கின்றன. பதினொரு நாட்களில் லஃபாரோ சாலை விபத்தில் உயிரிழந்தார்; அவருக்கு வயது 25. எவன்ஸ் பல மாதங்கள் மேடையை விட்டு ஒதுங்கியிருந்தார். மனோதர்மம் மறுநாள் அவ்வாறே திரும்ப வருவதில்லை. அந்த மூவர் மீண்டும் கூடவே இயலாது போயிற்று என்பதை அறிந்து கேட்கும்போது, அப்பதிவின் ஒவ்வொரு நொடியும் கூடுதல் மதிப்புப் பெறுகிறது.

கொலோன் நகரில் ஓர் இரவு

கையிருப்பின் மதிப்பை நெருக்கடியே காட்டும். 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஆபெரா அரங்கில் கீத் ஜாரட் தனியாக வாசிப்பதாக இருந்தது. பாடல், சுரக்கூட்டு வரிசை, திட்டம் எதுவும் இல்லாமல், முழு நிகழ்ச்சியையும் மேடையிலேயே உருவாக்குவது அவர் அப்போது மேற்கொண்டிருந்த முறை. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டஸ் என்னும் பதின்ம வயதுப் பெண். ஏறத்தாழ 1,400 இருக்கைகளுக்கான சீட்டுகளும் விற்றுத் தீர்ந்திருந்தன.

மேடையில் இருந்ததோ தவறான பியானோ. ஜாரட் கேட்டிருந்தது பெரிய பியானோ. அங்கிருந்தது ஒத்திகைக்குப் பயன்படும் சிறிய ஒன்று. அதன் உச்சப் பகுதி தகரம்போல் ஒலித்தது, அடிப்பகுதியில் ஆழமில்லை, மிதிகளும் ஒழுங்காக இயங்கவில்லை. மாற்றுக் கருவியைக் கொண்டுவர நேரமில்லை. ஜாரட்டுக்கு முதுகுவலி, போதிய உறக்கமும் இல்லை. வாசிக்க மறுத்துப் புறப்படவிருந்தவரை அந்த இளம்பெண் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார். சரிசெய்வோர் இயன்றவரை கருவியைச் செப்பனிட்டனர். அன்றைய ஆபெரா முடிந்தபின், இரவு பதினொன்றரை மணியளவில் ஜாரட் மேடையேறினார்.

அதன்பின் நிகழ்ந்தது இசை மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டியது. உச்சப் பகுதி நன்றாக ஒலிக்காததால் அவர் நடுப்பகுதியிலேயே பெரும்பாலும் தங்கினார். அடிப்பகுதி மெலிந்திருந்ததால், இடக்கையால் ஒரு சிறு தொடரை மீண்டும் மீண்டும் அழுத்தமாக வாசித்து அதற்கு வலுவூட்டினார். கருவியின் குறைகளே அன்றைய இசையின் இலக்கணமாயின. மீண்டும் மீண்டும் வரும் அந்தத் தொடர்கள் கேட்போரை ஈர்த்துப் பிடித்தன. முதல் பகுதி மட்டும் 26 நிமிடங்கள். 'கொலோன் கான்செர்ட்' என வெளிவந்த அந்த இரட்டை இசைத்தட்டு ஏறத்தாழ 40 லட்சம் பிரதிகள் விற்று, தனிப் பியானோ இசைத்தட்டுகளில் முதலிடம் பெற்றது.

இதைக் கேட்டு, வசதி குறைந்தால் கலை சிறக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே பியானோவின் முன் வேறொருவர் அமர்ந்திருந்தால் நிகழ்ச்சி தோல்வியில் முடிந்திருக்கலாம். சிறு வயது முதல் செவ்வியல் பயிற்சி, பின்னர் சிறந்த குழுக்களில் அனுபவம், அதன்பின் தனி நிகழ்ச்சிகள் எனப் பல்லாண்டுகளாகச் சேர்ந்த இருப்பு ஜாரட்டிடம் இருந்தது. ஒரு வழி அடைபட்டபோது வேறு வழியாகச் செல்ல அதுவே இடம் கொடுத்தது.

மூளையும் கையும்

மனோதர்மத்தின்போது மூளையில் நிகழ்வதை அறிய, சார்லஸ் லிம், ஆலன் பிரௌன் என்னும் இரு ஆய்வாளர்கள் முயன்றனர். ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, அதற்கென்றே செய்யப்பட்ட சிறு விசைப்பலகையை வாசிக்கச் செய்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். மனப்பாடமான இசையை வாசித்தபோது காணாத ஒரு மாற்றம் மனோதர்மத்தின்போது தென்பட்டது. தன்னைத்தானே கண்காணித்துத் திருத்தும் பணியோடு தொடர்புடைய முன்மூளையின் பக்கப் பகுதிகளில் செயல்பாடு குறைந்தது. தன்னை வெளிப்படுத்துவதோடு தொடர்புடைய நடுப்பகுதியில் அது கூடியது. உள்ளிருக்கும் தணிக்கையாளர் சற்று விலகி நிற்கிறார் என்று எளிமையாகச் சொல்லலாம். அவர் விலகி நிற்கத் துணிவது, வேலையை விரல்கள் அறிந்திருக்கின்றன என்னும் நம்பிக்கையால்தான் எனத் தோன்றுகிறது.

தமிழ்ப் பெற்றோர்க்கு 1971இல் அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர், இன்றைய முன்னணி ஜாஸ் பியானோ கலைஞர்களுள் ஒருவர். மூன்று வயது முதல் வயலின் பயின்றவர். பியானோவைப் பெரும்பாலும் தாமே கற்றுக்கொண்டவர். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்த அவர், பின்னர் பெர்க்லியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது இசையறிவு எவ்வாறு உடலிலும் உறைகிறது என்பதை. 2013இல் மெக்கார்தர் நல்கை பெற்ற அவர், 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். கை வெறும் ஏவலாள் அன்று, அதுவும் சிந்திக்கிறது என்னும் எண்ணத்துக்கு அறிவுலகிலும் இடம் உண்டு என்பதை அவருடைய பணி காட்டுகிறது.

கை தளர்ந்தபோது

அவ்வாறாயின், அந்தக் கையே செயலிழந்தால்? 1993இல் ஆஸ்கர் பீட்டர்சன் பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். எந்த இடக்கையின் வலிமைக்காக உலகம் அவரை வியந்ததோ, அந்தக் கை தளர்ந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்தார். ஏற்கெனவே பெற்ற புகழோடு ஓய்ந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ திரும்பி வந்தார். இடக்கை செய்யவேண்டியதில் பெரும்பகுதியை வலக்கை ஏற்றது. எஞ்சியதைக் குழுவினர் பகிர்ந்துகொண்டனர். முன்பு அருவியாக ஓடிய சுரங்கள் குறைந்தன. ஒவ்வொரு சுரத்துக்கும் எடை கூடியது. 2007இல் தம் 82ஆம் வயதில் மறையும்வரை அவர் இசையோடு வாழ்ந்தார்.

கீத் ஜாரட்டும் 2018இல் இருமுறை பக்கவாதத்துக்கு ஆளானார். இடக்கை பெரிதும் செயலிழந்ததை 2020இல் அவரே உலகுக்குத் தெரிவித்தார். பீட்டர்சனைப்போல் மேடைக்குத் திரும்புவது அவருக்கு இயலவில்லை. இரு முடிவுகளையும் ஒப்பிட்டு ஒன்றை வெற்றி, மற்றொன்றைத் தோல்வி எனல் நேர்மையாகாது. உடல் எவர்க்கும் ஒரே அளவு சலுகை தருவதில்லை.

கேட்கத் தொடங்குவோர்க்கு

ஜாஸ் பியானோவைப் புதிதாகக் கேட்க விரும்பும் வாசகர்கள், பீட்டர்சனின் 'நைட் டிரெயின்' இசைத்தட்டிலிருந்து தொடங்கலாம். மெட்டுகள் தெளிவானவை, மேற்கூறிய 'ஹிம் டு ஃப்ரீடம்' அதில்தான் உள்ளது. அடுத்து, பில் எவன்ஸின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. பின்னர் மங்க் இயற்றிய 'ரவுண்ட் மிட்நைட்'. அதன்பின் டேட்டமின் 'டீ ஃபார் டூ'. கடைசியாக, ஒருமணி நேரம் ஓய்வு அமையும் நாளில், 'கொலோன் கான்செர்ட்'.

கேட்கும்போது முதல் சுற்றின் மெட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கலைஞர் அதைவிட்டு விலகிய பிறகும் அதையே உள்ளுக்குள் முணுமுணுத்து வாருங்கள். அவர் எவ்வளவு தொலைவு சென்றாலும் பாடலின் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது அப்போது புலப்படும். இரண்டாம் முறை கேட்கும்போது இடக்கையை மட்டும் கவனியுங்கள். நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனத்தின்போது தாளம் போட்டுக்கொண்டு கேட்கும் பழக்கமுடையோர்க்கு இது எளிதில் கைகூடும்.

மேதைமை நமக்கு வாய்க்காமற் போகலாம். ஆயினும் இக்கலைஞர்களின் வழிமுறையில் மறைபொருள் ஏதுமில்லை. தந்தை ரயிலிலிருந்து திரும்புமுன் அன்றைய பாடத்தை முடித்துவிடவேண்டும் என்று பியானோ முன் அமர்ந்த சிறுவனும், காகிதச் சுருளின் வேகத்தைக் குறைத்துக் கட்டை கட்டையாகப் பின்தொடர்ந்த இளைஞரும் செய்தது ஒன்றே. பயன் எப்போது வரும் என்று கேளாமல், அன்றன்றைய சிறு தொகையை அன்றன்றே செலுத்தி வந்தனர்.